தும்மலுக்கு நூறு

இரவு இரண்டைத் தாண்டினால்
நிறுவைத் தளத்தில் ஏறும் லோரிகள் குறையும்.
ஒன்று போய் அடுத்தது வர
இருபது நிமிடம், மழையென்றால் நாற்பது.
அந்த நிமிடங்களைச் சேர்த்து வைத்துத்தான்
பின்னக் கணக்குக்கு ஒரு விளையாட்டுச் செய்தேன்.
தம்பி விட்டுப்போன மடிக்கணினி.
ஐந்தாம் எண் பொத்தான் எழும்பாது.
அதனால் என் கணக்குகளில் ஐந்துகள் குறைவு,
யாரும் இதுவரை கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹேமரூபினிதான் காரணம்.
நான்காம் ஆண்டு.
அரையும் காலும் எவ்வளவு என்றால்
ஆறில் இரண்டு என்பாள், அசராமல்.
அதே பிள்ளை
அரைக் கிலோவில் நிறுத்திய கோழிக்கடைக்காரரை
இன்னொரு கால் கிலோ போடச் சொல்லி
முக்கால் கிலோவுக்கு மிச்சக் காசை எண்ணி வாங்குவாள்.
கணக்கு அவளிடம் இருந்தது.
தாளைக் கண்டால்தான் பின்வாசல் வழியே ஓடியது.

திரையில் ஒரு குட்டி லோரி வைத்தேன்.
சரியான விடைக்கு ஒரு செம்பனைக் குலை ஏறும்.
தப்புக்கு என்ன ஒலி?
இணையத்தில் இலவசமாய்க் கிடைத்தவை எல்லாம்
பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தன.
யோசிக்கையில் வந்து நின்றது
ஆரோக்கியம் அண்ணனின் லோரி.
ஆலைப் புகை மூக்கில் ஏற
இறங்கியதும் தும்முவார் அவர்,
தகரக்கூரை பதிலுக்கு ஒருமுறை இருமும்.
இரண்டாவது தும்மலைப் பதிவு செய்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம்.
முப்பத்தொரு பிள்ளைகள் ஆடியிருந்தார்கள்.
பதிவைத் திறந்தால் சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
துர்வேனேஷ் என்றொருவன்
நாற்பது கேள்வி, நாற்பதும் தப்பு.
அன்று பசியாறவில்லை நான்.
எடை போடத் தெரிந்தவளுக்கு
எதற்கு இந்த வேலை என்று படுத்தேன்.

சனிக்கிழமை,
ஊத்தான் மெலிந்தாங் பேருந்து நிறுத்தத்து ஒட்டுக்கடை.
அங்கே வைஃபைக்குக் காசில்லை,
ஏதாவது வாங்கினால் போதும்.
ஒரு மைலோ ஐஸ், ஐந்து உறிஞ்சுகுழல், ஒரே கைப்பேசி.
"எட்டுல மூணு, அதைத் தொடாதடா! அதுதான் சரி!"
"அப்ப இது?"
"பதினாறுல ஆறா? அதுவும் அதேதான். கீழ அமுக்கு!"
அந்தக் கேள்வியில் இரண்டு சரி இருந்ததை
நானே கவனித்திருக்கவில்லை.
தும்மல் வெடித்தது.
ஐந்து வாயும் சேர்ந்து, "நூறு!"
வீட்டில் யார் தும்மினாலும் சொல்கிற நூறு,
ஆயுசு நூறு.
எந்தச் சோதனைத் தாளும்
அவர்களுக்குத் தராத நூறு.

வீட்டுக்கு வந்து மறுபடி பதிவைப் பார்த்தேன்.
நான்கு விடையில் ஒன்றைக்
கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும்
நாற்பதில் பத்தாவது சரியாய் விழும்.
நாற்பதும் தப்ப வேண்டுமானால்
துர்வேனேஷே,
நாற்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒலியை மாற்றவில்லை.
லோரி நிறைந்தாலும் தும்மட்டும் என்று
ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான்.

நேற்று ஆரோக்கியம் அண்ணன் கேட்டார்.
"ஏன் தங்கச்சி, டவுன்ல இறங்கினா
பொடிசுங்க எல்லாம் நூறுங்குது.
நான் தும்மவே இல்ல."
காட்டினேன்.
தன் தும்மலைத் தானே
நான்கு முறை அமுக்கிக் கேட்டார்.
"அதான் ஒரு மாசமா மூக்கு அரிக்குது,
யாரு நெனைக்கிறாங்கன்னு பாத்தேன்."

குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் லோரியைத் தளத்தில் ஏற்றினார்.
வரும்போது பதினாலாயிரத்து எண்ணூற்று அறுபது,
இப்போது ஆறாயிரத்து இருநூற்று நாற்பது.
திரை கழித்துச் சொல்வதற்குள்
"ஒன்பதாயிரத்து அறுநூத்தி இருபது" என்றார்.
மிகச் சரியாக ஆயிரம் கூட.
என்னை ஒருமுறை பார்த்தார்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு
பொய்யாய் ஒரு தும்மல்.

"நூறு" என்றேன்,
சீட்டை அச்சிட்டுக் கொடுத்தேன்.